ரத்தம் புளிக்கும் என்று சொன்ன எஸ்தர் டாக்டரம்மா

அன்று மேட்டுக்காட்டுச் சரிவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் கூடப்பிறந்த தங்கை செசிலி இருந்தாள். அக்காளும் தங்கையுமாக ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாங்கள். எங்கள் இருவருக்கும் மாமியாரான அந்தோணியம்மாள் இருந்தாள். எஸ்தர் டாக்டரம்மா இருந்தார். அவருடைய பெட்டியைத் தூக்கி வந்த கம்பவுண்டர் இருந்தார். புங்கமரத்து நிழலில் பீடி பிடித்துக்கொண்டு செசிலியின் புருஷன் சின்னப்பன் இருந்தான். என் வீட்டுக்காரர் அரூர் சந்தைக்குப் போயிருந்தார், அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

இவர்களில் இன்று உயிரோடு இருப்பது இரண்டு பேர். போன வாரம் வரைக்கும் மூன்று பேர்.

டாக்டரம்மா தெற்கே தன் சொந்த ஊரில் இறந்துவிட்டார் என்று பேரன் போனைப் பார்த்துச் சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். புளிச்சக்கீரை. கேட்டுக்கொண்டேன், கையை நிறுத்தவில்லை. கீரை அடுப்பில் ஏறிய பிறகுதான் அவர் முகம் நினைவுக்கு வந்தது. அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் அவருடைய படிப்பைப் பற்றியும் ஆராய்ச்சியைப் பற்றியும் எழுதுவீர்கள். அது எனக்குத் தெரியாது. எங்கள் சரிவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் அதை நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சித்தேரி மலையின் அடிவாரம். அறுபதுகளின் கடைசியில், அரூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தங்கிக்கொண்டு, டாக்டரம்மா ஜீப்பில் ஊர் ஊராக வந்தார். மருந்து கொடுப்பதைவிட விரலில் குத்தி ரத்தம் எடுப்பதில்தான் அவருக்கு ஆசை. ரத்தத்தை வெளியூருக்கு விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து குழந்தைகளின் கன்னத்தைத் தடவிப் பேசியபோது என் மாமியார் என் காதோரம் சொன்னாள்: "நானும் கோழிய அறுக்கறதுக்கு முன்னால இப்படித்தான் தடவிக் குடுப்பேன்."

டாக்டரம்மா தெற்கத்திக்காரர். என் மாமியாரைப் பார்த்து, "ஆச்சி, உங்க வீட்டுப் பொம்பளைங்க எரு சுமக்கறதை நான் பார்க்கணும்" என்றார். எங்கள் பக்கம் வயசானவர்களை ஆயா என்போம், ஆச்சி என்று யாரும் கூப்பிடுவதில்லை. "என் பேரு ஆச்சி இல்லீங்க, அந்தோணியம்மா" என்று மாமியார் திருத்தினாள். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கடைசி வரைக்கும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். அதை அவர் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கூடை ஒண்ணுதான், மேடு ஒண்ணுதான். ஒருத்திக்கு லேசா இருக்கு, ஒருத்திக்குக் கனமா இருக்கு. அந்தக் கனம் கூடையில இல்லைன்னா எங்கே இருக்கு?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருந்தது. கனம் என்று சொல்பவளுக்கு வேலைக்கள்ளி என்று பெயர். சித்திரை மாதம் குப்பைக்குழியிலிருந்து எருவை வாரி, கூடை கூடையாக மேட்டுக்காட்டுக்குச் சுமக்க வேண்டும். செசிலி முதல் பிள்ளை ராயப்பனைப் பெற்றபோது ரத்தம் நிறையப் போய்விட்டது. அதிலிருந்து பாதி மேட்டில், கருங்கல் ஒன்று கிடக்கும் திருப்பத்தில், கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். திட்டினால் எழுந்திருப்பாள், நாலு எட்டு வைப்பாள், மறுபடி உட்காருவாள். மாமியார் முடிவு செய்துவிட்டாள். "ஆடி பொறக்கட்டும். இவளைக் கொண்டுபோயி இண்டூருல வுட்டுட்டு வந்துருடா. புள்ள இங்க இருக்கட்டும்" என்று சின்னப்பனிடம் எங்கள் முன்னாலேயே சொன்னாள். இண்டூர் எங்கள் பிறந்த ஊர்.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். பெண்டாட்டியைத் தீர்த்துவிட்டு இன்னொருத்தியைக் கட்ட கோயில் ஒப்புக்கொள்ளாது. அதனால் தள்ளி வைத்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வூட்டுல இருக்கறா என்பார்கள். அப்படி இருக்கப் போனவள் திரும்பி வந்ததை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. பிள்ளையையும் அவள் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

அந்தச் சித்திரையில்தான் டாக்டரம்மா சரிவுக்கு வந்தார். கூடையோடு ஏறி வந்தவர்களை மேலே நிறுத்தி, எப்படி இருந்தது என்று கேட்டார். பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார்: லேசு, கொஞ்சம் கனம், ரொம்பக் கனம், முடியவில்லை. இதில் ஒன்றைச் சொன்னால் போதும். மாமியார் முதலில் ஏறிவந்து லேசு என்றாள். அவள் லேசு என்ற பிறகு நான் வேறு என்ன சொல்ல முடியும்? நானும் லேசு என்றேன். கடைசியாகச் செசிலி வந்தாள். உதடு சாம்பல் பூத்திருந்தது. மாமியாரை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "லேசுதானுங்க" என்றாள்.

டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புங்கமரத்தடியில் இருந்த சின்னப்பனைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டிக்கு உண்மையில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. "எல்லாம் நடிப்புங்க" என்றான்.

மேட்டுக்காட்டு வரப்பில் என் மாமனார் நட்டு வைத்த கல் குருசு ஒன்று உண்டு. எருவைக் கொட்டியதும் அதன் முன்னால் நின்று ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது மாமியார் வைத்த சட்டம். முதல் சொல்லை அவள் எடுத்துக் கொடுப்பாள், நாங்கள் சொல்லி முடிப்போம். டாக்டரம்மா வேறு சபைக்காரர், அவருக்கு அந்த மந்திரம் தெரியாது. ஆனால் காது கூர்மை. நாங்கள் சொல்லி முடித்ததும், "வீட்டுல உக்காந்து சொல்லும்போது இதை ஒரே மூச்சுல சொல்லுவியளா?" என்று கேட்டார். சொல்லுவோம் என்றேன். "இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

நான் நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தேன். செசிலிக்குச் சொல்லுக்குச் சொல் மூச்சு வேண்டியிருந்தது. பாதியில் இருமல் வந்து நின்றுவிட்டாள். மாமியாரைக் கேட்டபோது, வேறு சபைக்காரி சொல்லி நான் மந்திரம் சொல்வதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா கம்பவுண்டரிடம் சொன்னார்: "இனிமே கனமா லேசான்னு கேக்க வேண்டாம். மந்திரம் எங்கே உடையுதுன்னு பாத்தாப் போதும். வாய் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது."

பிறகு விரலில் குத்தினார். ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டார். என்னுடையது சிவப்பாகப் படிந்தது. செசிலியுடையது இறைச்சி கழுவிய தண்ணீர் போலப் பரவியது. எங்கள் இருவர் ரத்தத்திலும் கொஞ்சம் சின்னப் புட்டியில் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்தார். மாமியார் விரலை நீட்டவில்லை. "நான்தான் நல்லா இருக்கறனே, எனக்கு எதுக்குங்க" என்றாள். சின்னப்பன் ஆம்பளைக்கு இதெல்லாம் வேண்டாம் என்று கையை அக்குளில் வைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா நேராக மாமியாரிடம் போனார். செசிலியை ஆடியில் அனுப்பப் போகிற விஷயத்தை நான் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதனால்தான் அவ்வளவு பொறுமையாக விளக்கினார். அடுப்புக்குக் காற்று போதவில்லை என்றால் விறகு எரியாமல் புகைகிறதே, அது போலத்தான் உடம்பும் என்றார். மேடு ஏறுகிறவளின் சதைக்குக் காற்று வேண்டும், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தம், இவள் ரத்தத்தில் அதற்கு வலு இல்லை என்றார். பிறகு, இன்னும் எளிதாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, ஒன்று சொன்னார்.

"காத்து பத்தலைன்னா ரத்தம் புளிச்சிப் போகும் ஆச்சி. புளிப்பு ஏறினா பஞ்சுக்கூடையும் கல்லுக்கூடைதான். இது சோம்பல் இல்லை."

செசிலிக்கு ஒரு டப்பா மாத்திரை கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். போட்டோ ஒன்றும் எடுத்தார். அனுப்பி வைக்கிறேன் என்றார். அனுப்பவில்லை. அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மாமியார் சரிவில் இறங்கினாள். வீட்டுக்குள் போனதும் புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கொட்டினாள். வேலியோரம் நின்ற புளிச்சக்கீரைச் செடிகளை ஒன்று விடாமல் பிடுங்கினாள். புளித்த கூழ் கிடையாது, மோர் கிடையாது. நான் ஏன் என்று கேட்டேன். "ரத்தம் புளிக்குதுன்னு டாக்டருக்குப் படிச்சவளே சொல்லிட்டா. புளிப்பத் தின்னா புளிக்காம என்ன பண்ணும்?" என்றாள். அவ்வளவு நீளமான விளக்கத்தில் அவள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அதில் வஞ்சகம் இல்லை. தானும் புளி சேர்க்கவில்லை, யாருக்கும் சேர்க்க விடவில்லை. விஷயம் பக்கத்து வீடுகளுக்கும் பரவி, எங்கள் தெருவே அந்தக் கோடையில் ரசம் இல்லாமல் ராகிக் களியை விழுங்கியது. வாய் கேட்காத ஆண்கள் அக்காள் தங்கை ஊருக்கு விருந்தாளியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மாத்திரை தின்ற செசிலிக்கு வெளிக்குக் கறுப்பாகப் போனது. உள்ளே கருகுகிறது என்று மாமியார் டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டாள். கீரையும் போயிற்று, மாத்திரையும் போயிற்று. செசிலி திருப்பத்துக் கல்வரைக்கும்கூட ஏற முடியாமல் ஆனாள்.

ஆடி பிறந்தது. சின்னப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ராயப்பன் என் இடுப்பில் இருந்தான். செசிலி தன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அவன் கைகளை வீசிக்கொண்டு முன்னால் நடந்தான். பஸ் நிற்கும் ரோடுவரைக்கும் மண்பாதை. புளியமரத்தடியில் அவள் பெட்டியோடு உட்கார்ந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான், நின்றான், மறுபடி நடந்தான். அவள் தானாக எழுந்து, தானாகப் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அவளைத் தனியாக இண்டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஓட்டலில் புளிக்குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சாயங்காலம் அவனே சொன்னான்.

ஆவணியில் டாக்டரம்மா மறுபடி வந்தார். செசிலி எங்கே என்றுதான் முதலில் கேட்டார். மாமியார் முன்னாலேயே நான் எல்லாவற்றையும் சொன்னேன், புளிப்பானையிலிருந்து டிரங்குப் பெட்டிவரைக்கும். அவர் ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என் வாயில" என்றார். "ரத்தம் புளிக்கறது வேற, நாக்கு புளிக்கறது வேற. அதைச் சொல்லாமப் போயிட்டேன்." அந்தப் பெண்ணுக்கு முதலில் கொடுக்க வேண்டியதே புளிச்சக்கீரைதான் என்றும், அதில் இருக்கிற இரும்புதான் ரத்தத்துக்கு வலு என்றும், புளிப்பு சேர்ந்தால்தான் அந்த இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும் என்றும் சொன்னார்.

மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அன்னிக்குப் புளிப்புன்னீங்க. இன்னிக்குப் புளிச்சக்கீரைங்கறீங்க. நாங்க எதைங்க கேக்கறது?"

படித்தவர்கள் பதில் இல்லாதபோது சத்தம் போடுவார்கள். டாக்டரம்மா போடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எனக்கு ஒரு கூடை ரொப்புங்க" என்றார்.

மாமியார் தானே போய் ரொப்பினாள். கையால் அமுக்கி அமுக்கி ரொப்பினாள். அவளும் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கூடவே ஏறிக் காட்டுகிறேன் என்பதற்காகத்தான். நான் வெறுங்கையோடு போனேன். டாக்டரம்மாவின் கழுத்து ஆடியது. சும்மாடு நழுவியது. செசிலி உட்காரும் அதே கருங்கல்லுக்கு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"கனமா இருக்கு" என்றார். "என்னால முடியலை."

அவருக்கு நல்ல ரத்தம். நன்றாகச் சாப்பிடுகிற உடம்பு. அந்தச் சரிவில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மாமியார் சிரித்தாள். "இன்னும் பாதி மேடு இருக்குதுங்க" என்றாள். டாக்டரம்மா எழுந்தார், நான் கூடையைத் தூக்கிவிட்டேன், ஏறி முடித்தார். குருசுக்கு முன்னால் எருவைக் கொட்டிவிட்டு, "எனக்கு உங்க மந்திரம் தெரியாது ஆச்சி. எனக்காக நீங்க சொல்லுங்க. சத்தமா" என்றார்.

இப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மாமியார் முதல் சொல்லை எப்போதும் போல ஓங்கிச் சொன்னாள். அடுத்த சொல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இடத்தில் நின்றது. கையை நீட்டிக் குருசைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் முதல் சொல்லை எங்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் சொல்லி முடிக்கிறவரைக்கும் இவள் உதட்டை அசைத்துக்கொண்டு மூச்சைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா கையை நீட்டினார். மாமியார் விரலைக் கொடுத்தாள். தாளில் விழுந்த சொட்டு செசிலியின் சொட்டு மாதிரியே பரவியது.

"எவ்வளவு காலமா இப்படி இருக்கு?"

"எப்படிங்க?"

"இந்த மூச்சு."

"மேடு ஏறுனா எல்லாருக்கும் இப்படித்தானுங்களே இருக்கும்" என்றாள் மாமியார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "லேசுன்னா எப்படி இருக்கும்னே தெரியாதவங்ககிட்ட போயி, கனமா லேசான்னு கேட்டிருக்கேன்."

இறங்கும்போது மாமியார் திருப்பத்துக் கல்லில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்: "அவளுக்கும் இப்படியேதான் இருந்துச்சா?"

"ஆமாங்க அத்தே" என்றேன்.

மறுநாள் காலையில், இண்டூருக்குப் போய்ச் செசிலியைக் கூட்டிக்கொண்டு வா என்று சின்னப்பனிடம் சொன்னாள். அவன் பீடியைப் பற்ற வைத்தான். "அவ அங்க நல்லாத்தான் இருக்கறா. அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்றான். மாமியார் அவனோடு பேசிக்கொண்டு நிற்கவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டாள். அதற்கு முன்னால் அரூரைத் தாண்டி அவள் தனியாகப் போனதில்லை. மறுநாள் பொழுது சாயும்போது மண்பாதையில் இரண்டு பேர் வந்தார்கள். செசிலி வெறுங்கையோடு வந்தாள். டிரங்குப் பெட்டி மாமியார் தலையில் இருந்தது. புளியமரத்தடியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அன்றே என் மாமியாரை மன்னித்துவிட்டேன். எனக்கு அது சுலபமாக வரவில்லை, ஆனாலும் மன்னித்துவிட்டேன்.

பரண்மேல் கிடந்த டப்பா கீழே இறங்கியது. டாக்டரம்மா இன்னொரு டப்பாவும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்தனுப்பினார். வேலியோரம் கீரை முளைத்தது. அடுத்த சித்திரையில் செசிலி கூடையோடு திருப்பத்தைத் தாண்டி ஏறினாள், குருசு முன்னால் ஒரே ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு மந்திரத்தை முடித்தாள். மாமியாரும் ஏறினாள். கொட்டிவிட்டு, வெற்றுக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதுதானா லேசுங்கறது" என்றாள். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதற்காக அந்தக் கோபம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவளுடைய அப்போதைய வயது எனக்கு ஆன பிறகு தெரிந்தது.

எழுபதுகளில் டாக்டரம்மா இன்னும் சில தரம் வந்தார். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் களியும் கடைந்த புளிச்சக்கீரையும் சாப்பிட்டார். போட்டோவைக் கேட்டேன், சிரித்தார். பிறகு மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். புட்டியில் கொண்டுபோன ரத்தத்தில் புளிப்பு எவ்வளவு இருந்தது, எங்களைப் பற்றி என்ன எழுதினார் என்பதை நீங்கள் படித்திருக்கலாம். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இரண்டு. யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலை நம்புவதில்லை. பேசவிட்டு, மூச்சு எங்கே உடைகிறது என்று பார்ப்பேன். என் பேத்தி பிள்ளை பெற்று வந்தபோது மாடிப்படி ஏறி வந்து நல்லா இருக்கிறேன் என்றாள். மந்திரம் சொல்லு என்றேன். அன்றைக்கே ரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொன்று, எனக்குக் கனமாக இருந்தால் கனம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். மருமகள்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவுக்காக எங்கள் கோயிலில் செபம் வைத்தோம். சின்னப்பன் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்று வெகுநேரம் பேசினான். டாக்டரம்மா எங்கள் குடும்பத்தையே காப்பாற்றிய தெய்வம் என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். செசிலி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரைக்கும் அவனோடுதான் குடும்பம் நடத்தினாள், எப்போதோ மன்னித்தும்விட்டாள். அது அவள் இஷ்டம்.

பிடுங்கிப்போட்ட கீரைக்காக மாமியாரை மன்னித்தேன். ஒரு சொல்லை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனதற்காகவும், வராத போட்டோவுக்காகவும் டாக்டரம்மாவை மன்னித்தேன். பெட்டியோடு அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்ததைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கைவீசி நடந்தானே, அவனை மட்டும் நான் மன்னிக்கவில்லை. சின்னப்பனை.